ஆட்டைத் தாண்ட முடியாத தம்பிக்கு: பாயின்ட் அண்ட் கிளிக் கேம்களை எப்படி விளையாடுவது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பகலில் மாங்கூழ் ஃபேக்டரி வேலை. ராத்திரி ஒரு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடிகிறது. ‘புரோக்கன் ஸ்வோர்ட்’ முதல் பாகத்தை வாங்கி, பாரிஸைத் தாண்டி அயர்லாந்து வரை வந்துவிட்டார். அங்கே ஒரு ஆடு முட்டி முட்டித் தள்ளுகிறது, நகர வழியில்லை. யூடியூபில் விடையைப் பார்த்தால் சப்பென்று ஆகிவிடுகிறது, பார்க்காவிட்டால் கதை அப்படியே நிற்கிறது. இங்கிலீஷ் சுமார். லேப்டாப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்தது. கூட வேலை செய்கிறவர்கள் வேறு ‘சும்மா கிளிக் பண்ணிட்டு இருக்கிறதெல்லாம் ஒரு கேமா’ என்கிறார்களாம். மௌஸால் பொருள்களையும் ஆட்களையும் கிளிக் செய்து, புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்துகிற இந்த மாதிரி கேமை எப்படித்தான் விளையாடுவது என்பது கேள்வி.

முதலில் அந்த ஆட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். நீங்கள் நின்றுபோன புதிருக்கு விடையைப் பொதுவாக இப்படி நேராகச் சொல்ல மாட்டேன். இதற்குச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தடுமாறுவது விளையாடுகிறவரின் குறை கிடையாது. ரெவல்யூஷன் சாப்ட்வேர் செய்த இந்த கேம் 1996-இல் வெளிவந்ததிலிருந்து உலகம் முழுக்க ஆட்கள் நின்றுபோன இடம் இது. ‘ஆட்டுப் புதிர்’ என்றாலே இந்த வகை கேம் விளையாடுகிற எல்லோருக்கும் புரியும்.

காட்சியை நினைத்துப் பாருங்கள். லாக்மார்ன் என்ற கிராமத்தில் பாழடைந்த கோட்டை. அகழ்வாய்வு நடந்த குழிக்குள் ஏணி இறங்குகிறது. பக்கத்தில் கயிற்றில் கட்டிய ஆடு. கதாநாயகன் ஜார்ஜ் ஏணியை நோக்கிப் போனால் ஆடு ஓடிவந்து முட்டித் தள்ளிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போகிறது. ஓரமாக ஒரு பழைய விவசாயக் கருவி கிடக்கிறது. செய்ய வேண்டியது இதுதான்: ஒரு முறை முட்டு வாங்குங்கள். ஆடு திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்போதே, ஜார்ஜ் எழுந்த நொடியில், அந்தக் கருவியை கிளிக் செய்யுங்கள். ஆடு மறுபடி பாய்ந்து வரும்போது கயிறு கருவியில் சிக்கிக்கொள்ளும். பிறகு ஏணி உங்களுடையது.

இதில் அநியாயம் எங்கே இருக்கிறது தெரியுமா? அதுவரை அந்த கேம் நமக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று: அவசரமே வேண்டாம், நீ யோசிக்கும் வரை உலகம் காத்திருக்கும். திடீரென்று இந்த இடத்தில் நேரம் ஓடுகிறது. அதை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. சரியான விடையை யோசித்தவர்கள்கூட, இரண்டு நொடி தாமதமாக கிளிக் செய்துவிட்டு, ‘ஓ, இது விடை இல்லை போல’ என்று விலகிவிடுகிறார்கள்.

ஆனால் யோசனையளவில் புதிர் நேர்மையானது. எங்கள் பெரியம்மா பென்னாகரம் பக்கம் ஆடு வளர்க்கிறவர், மௌஸைத் தொட்டதே இல்லை. நான் இந்த இடத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்தவர், “எத்தினி வாட்டி முட்டு வாங்குவான் அந்த ஆளு? கயித்துலதான கட்டியிருக்குது. எதுலயாச்சும் சுத்தவுட்டா அங்கியே நின்னுக்குமே” என்றார். ஆடு கட்டியவருக்குத் தெரியும், முளையைச் சுற்றிச் சுற்றிக் கயிறு குறுகிப்போனால் ஆடு அசையாது என்று. அந்த அனுபவம் இருந்தால் திரையில் கயிறு முதலில் கண்ணில் படும், இல்லாவிட்டால் கொம்பு மட்டும்தான் தெரியும்.

இந்த வகை கேமைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதில் இருக்கிறது. சுடுகிற கேமில் கை வேகம் வேண்டும், பந்தய கேமில் கண் வேகம் வேண்டும். இங்கே வேண்டியது, அந்தக் கதையில் இருக்கிற மனிதர்களையும் பொருள்களையும் நிஜம் என்று நம்புவது. ‘இந்த கேமைச் செய்தவன் எந்தப் பொருளை எதோடு சேர்க்கச் சொல்கிறான்’ என்று யோசிக்கத் தொடங்கினால் கதாநாயகன் வழியில் எடுத்துப் பையில் சேர்த்து வைத்திருக்கிற எல்லாவற்றையும் எல்லாவற்றின் மேலும் தேய்த்துப் பார்ப்பீர்கள். அலுப்பு அங்கேதான் பிறக்கிறது. ‘நான் இந்த இடத்தில் நின்றால் என்ன செய்வேன், எதிரில் நிற்கிறவனுக்கு என்ன வேண்டும், அவன் எதற்குப் பயப்படுகிறான்’ என்று யோசித்தால் பாதிப் புதிர்கள் தானாகவே இளகிவிடும்.

எல்லா கேமும் அந்த நம்பிக்கைக்குத் தகுதியானதா என்றால், இல்லை. ஒரே மாதிரியான இரண்டு புதிர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டுமே மாறுவேடப் புதிர்.

செக் நாட்டின் அமானிடா டிசைன் 2009-இல் வெளியிட்ட ‘மெஷினாரியம்’ என்ற கேமில், குப்பைமேட்டில் வீசப்பட்ட ஒரு குட்டி ரோபோ ஊருக்குள் நுழைய வேண்டும். வாசலில் காவலாளி. கூம்பு வடிவத் தொப்பியும் அதன் மேல் விளக்குமாக இருக்கிறவனைத்தான் அவன் உள்ளே விடுகிறான். சுற்றிப் பார்த்தால் சாலையில் வைக்கிற கூம்பு ஒன்று, நீலப் பெயின்ட், ஒரு பல்பு. கூம்பை நீலத்தில் முக்கி, மேலே பல்பைச் செருகித் தலையில் வைத்தால் வேலை முடிந்தது. விடைக்கு வேண்டிய எல்லாமே கண்ணெதிரில் இருந்தது. கண்டுபிடித்தது நாம்தான் என்ற சந்தோஷம் முழுசாகக் கிடைக்கிறது.

இன்னொன்று 1999-இல் வந்த ‘கேப்ரியல் நைட்’ மூன்றாம் பாகம். வாடகைக்கு மோட்டார் வண்டி எடுக்க கதாநாயகன் தன் நண்பனைப் போல வேஷம் போட வேண்டும். அதற்கு ஒரு பூனையைத் துரத்தி, அது நுழைந்து ஓடுகிற ஓட்டையில் டேப் ஒட்டி, டேப்பில் ஒட்டிய முடியை எடுத்து, மேப்பிள் பாகில் ஒட்டி மீசை செய்ய வேண்டும். சரி என்று செய்தால், அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது! அதனால் அவனுடைய பாஸ்போர்ட் படத்தில் பேனாவால் மீசை வரைந்துகொள்ள வேண்டும். கதை நன்றாக எழுதப்பட்ட கேம் அது. அதனாலேயே இந்த இடம் இன்னும் வலிக்கிறது. கதையை நம்பி யோசிக்கிற யாருக்கும் இந்த விடை வராது. இங்கே வாக்த்ரூவை, அதாவது யாரோ எழுதிவைத்த முழு விடைக் குறிப்பை, திறப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதைவிட மோசம் ஒன்று உண்டு: பின்னாலே வரப்போகிற வழியை முன்னாலேயே சத்தமில்லாமல் அடைத்துவிடுவது. சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ ஐந்தாம் பாகத்தில் (1990) ஒரு பூனை எலியைத் துரத்தி ஓடும். அந்த ஒரு சில நொடியில் பூனை மேல் எதையாவது வீசி எலியைக் காப்பாற்றியிருக்க வேண்டும். தவறவிட்டால், வெகுநேரம் கழித்து நம்மைக் கட்டிப்போடுகிற இடத்தில் கயிற்றைக் கடித்துவிட எலி வராது. கதை அங்கே செத்துவிடும், ஏன் என்றும் தெரியாது. இந்த மாதிரி பழைய கேம்களை விளையாடினால் ஒரே இடத்தில் சேவ் செய்யாமல், வேறு வேறு பெயரில் அடிக்கடி சேவ் செய்துகொண்டே போங்கள்.

இதற்கெல்லாம் எதிராக 1989-இலேயே ரான் கில்பர்ட் ஒரு கட்டுரை எழுதினார். லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸில் 1987-இல் ‘மேனியாக் மேன்ஷன்’ செய்தவர். அந்தக் கட்டுரையில் அவர் சொன்ன ஒரு விதியை விளையாடுகிற நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம்: சாவியைக் காட்டுவதற்கு முன்னால் பூட்டைக் காட்ட வேண்டும். முதலில் பிரச்சினை தெரிந்தால்தான் கையில் கிடைக்கிற பொருளுக்கு அர்த்தம் வரும்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பையில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டாம், அதை கேமே காட்டும். பூட்டுகளை மட்டும் எழுதுங்கள். ‘பப்பில் இருக்கிற ஆள் ஏதோ மறைக்கிறான்.’ ‘சுவர் ஏற முடியவில்லை.’ ‘ஹோட்டல்காரர் மேஜையை விட்டு நகரமாட்டேன் என்கிறார்.’ தினம் ஒரு மணி நேரம் விளையாடுகிற உங்களுக்கு இது ரொம்ப உதவும். மறுநாள் உட்காரும்போது எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம். இன்னொரு லாபம், இந்தப் பட்டியல் பகலெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். கை மாங்கொட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ‘அடடா, அந்த ஆளிடம் இதைக் காட்டவே இல்லையே’ என்று தோன்றும். சண்டை கேமில் மௌஸை விட்டால் விளையாட்டு நின்றுவிடும், இதில் ஃபேக்டரியில் இருக்கும்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும். சிக்கி நிற்கிற அந்த நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள், அதையும் சேர்த்துத்தான் இந்த வகை கேமைச் செய்கிறார்கள்.

புது இடத்துக்குள் நுழைந்ததும் எதையும் எடுக்க வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் ‘பார்’ செய்யுங்கள். கதவை, சுவரில் தொங்கும் படத்தை, மூலையில் கிடக்கிற பக்கெட்டை. கதாநாயகன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்வான். பலர் இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நல்ல கேமில் குறிப்பே அந்த வரிகளில்தான் ஒளிந்திருக்கும். ஒரு பொருளைத் தவறான இடத்தில் பயன்படுத்தும்போது வருகிற பதிலையும் கவனியுங்கள். ‘அது வேலை செய்யாது’ என்று எங்கும் சொல்கிற பதிலையே சொன்னால் விட்டுவிடலாம். ‘இது ரொம்பச் சின்னதாக இருக்கிறது’ என்று அந்தப் பொருளுக்கென்றே ஒரு வரி வந்தால், நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

பேச்சில் எல்லாக் கேள்வியையும் கேளுங்கள். பிறகு கதையில் பெரிதாக ஏதாவது நடந்ததும் பழைய ஆட்களிடம் திரும்பிப் போங்கள். ‘புரோக்கன் ஸ்வோர்ட்’டில் பையில் இருக்கிற பொருளையே ஒவ்வொருவரிடமும் காட்டிக் கேட்கலாம். சம்பந்தமே இல்லாத பொருளுக்கும் ஆட்கள் சொல்கிற பதில்கள் அவ்வளவு உயிரோடு இருக்கும். ஜார்ஜ் ஊரூராகப் போய் அந்நியர்களிடம் தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுக்கிறானே, அதுதான் அந்த கேமின் ஜீவன்.

அப்படியும் நகரவில்லை என்றால்? யூடியூப் வேண்டாம். வீடியோ ஒரு விடையைக் காட்டப்போய் அடுத்த பத்து விடையையும் சேர்த்துக் காட்டிவிடும். யூ.எச்.எஸ். (யுனிவர்சல் ஹின்ட் சிஸ்டம்) என்று குறிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிற ஒரு ஏற்பாடு 1988 முதல் இருக்கிறது. நீங்கள் நிற்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தால் முதலில் மெலிதாக ஒரு குறிப்பு வரும். போதாவிட்டால் இன்னொன்று, அதுவும் போதாவிட்டால் கடைசியில்தான் விடை. அதற்கும் முன்னால் எண்பதுகளில் இன்ஃபோகாம் நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட குறிப்புப் புத்தகங்களை விற்றது; கூட வரும் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து தெரியும், எத்தனை வரி தேய்ப்பது என்பது உங்கள் இஷ்டம். ‘மெஷினாரியம்’ இதை கேமுக்குள்ளேயே வைத்திருக்கிறது: ஒரு திரைக்கு ஒரு சின்னக் குறிப்பு, முழு விடை வேண்டுமென்றால் பூட்டிய புத்தகம். அதைத் திறக்க ஒரு குட்டி விளையாட்டில் ஜெயிக்க வேண்டும். அந்தச் சின்னத் தடையே போதும், பாதி நேரம் ‘வேண்டாம், நானே யோசிக்கிறேன்’ என்று கை திரும்பிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும்விட நல்ல குறிப்பு, பக்கத்தில் இன்னொரு ஆள். தனியாக விளையாட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அக்காவோ அப்பாவோ பக்கத்தில் உட்காரட்டும். கதையைச் சுருக்கமாகத் தமிழில் அவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போதே நீங்கள் எதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது வெளியே வந்துவிடும். இங்கிலீஷ் சுமார் என்றீர்களே, அதற்கும் இதுதான் நல்ல மருந்து. பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டுகிற சப்டைட்டிலை ஆன் செய்யுங்கள். எழுத்து நகரும் வேகத்தைக் குறைக்க வசதி இருந்தால் குறையுங்கள். இங்கிலீஷ் சிலேடையை வைத்துக் கட்டிய புதிர்கள் சில கேம்களில் வரும். அங்கே மட்டும் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல் உடனே குறிப்பைப் பாருங்கள்.

மொழி ஓரளவு கைக்கு வந்ததும் 1990-இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாடாமல் விட்டுவிடாதீர்கள். கடற்கொள்ளையனாக ஆசைப்படுகிற கைபிரஷ் என்ற பையன் வாள்சண்டை கற்க வேண்டும். அங்கே வாள் சும்மா பேருக்குத்தான், ஜெயிப்பதும் தோற்பதும் வாயால். எதிரி ஒரு வசை சொல்வான், அதற்குப் பொருத்தமான பதிலடி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தோற்பீர்கள். ஆனால் அந்த வசை இப்போது உங்கள் பையில். அதை அடுத்தவன் மேல் வீசினால் அவன் பதிலடியைச் சொல்லிக்கொடுத்துவிடுவான். நம் பக்கம் தெருக்கூத்தில் கட்டியங்காரனும் வேஷக்காரரும் மாறி மாறி வாயாடுவார்களே, அந்த ருசி இதில் அப்படியே இருக்கிறது. கடைசியில் வாள்வித்தைத் தலைவியிடம் போனால் நீங்கள் மனப்பாடம் செய்த ஒரு வசையையும் அவள் சொல்ல மாட்டாள். எல்லாம் புதுசு. பழைய பதிலடிகளில் எது இந்தப் புது வசைக்குப் பொருந்தும் என்று அர்த்தம் புரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மனப்பாடம் செய்தவனையும் புரிந்துகொண்டவனையும் இவ்வளவு அழகாகப் பிரித்துக் காட்டுகிற பரீட்சையை நான் வேறு எந்த கேமிலும் பார்த்ததில்லை.

‘இதெல்லாம் ஒரு கேமா’ என்பவர்களுக்குப் பெரிய பதில் தேவையில்லை. இதே வகையைச் சேர்ந்த ‘மிஸ்ட்’ 1993-இல் வந்து, 2002-இல் ‘தி சிம்ஸ்’ முந்தும் வரை உலகத்திலேயே அதிகம் விற்ற கம்ப்யூட்டர் கேமாக இருந்தது. நடுவில் முப்பரிமாண சண்டை கேம்கள் பெருகியதும் பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கமே வரவில்லை, உண்மைதான். 2012-இல் டபுள் ஃபைன் நிறுவனம் ‘ஒரு பாயின்ட் அண்ட் கிளிக் கேம் செய்கிறோம், பணம் கொடுங்கள்’ என்று மக்களிடமே கேட்டது. 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதன் பிறகு சின்னச் சின்னக் குழுக்கள் இந்த வகையை விடாமல் செய்துகொண்டிருக்கின்றன. நம் மொழி பேசுகிறவர்களும் பக்கத்தில் வந்துவிட்டார்கள்: 2023-இல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’, எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுதான் புதிர். சின்ன கேம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். உங்கள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளையாடுங்கள், அவருக்குத்தான் விடை தெரியும்.

லேப்டாப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த வகையின் பொற்காலத்து கேம்களுக்கு அரசு லேப்டாப் தாராளம். ஸ்கம்-வி.எம். என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். 2001-இல் ஆர்வலர்கள் தொடங்கியது, இன்றும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பழைய கேம்கள் அதில் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். செய்த நிறுவனங்களே இலவசமாகக் கொடுத்துவிட்ட சில கேம்களும் அவர்கள் தளத்திலேயே கிடைக்கின்றன. திருட்டுப் பிரதி தேடி வைரஸை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

என் யோசனை: ஆடு முடிந்ததும் கதையைக் கடைசி வரை விளையாடுங்கள். அடுத்து, பேச்சே இல்லாத ‘மெஷினாரியம்’. அங்கே எல்லோரும் தலைக்கு மேல் வருகிற படங்களில்தான் பேசுகிறார்கள், மொழித் தொல்லையே கிடையாது. அதன் பிறகு ஸ்கம்-வி.எம். தளத்தில் இலவசமாக இருக்கிற ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’. 1994-இல் ரெவல்யூஷன் செய்தது, படங்களுக்குப் பின்னால் இருப்பவர் காமிக்ஸ் ஓவியர் டேவ் கிப்பன்ஸ். ஏழைத் தொழிலாளர்கள் நகரத்தின் உச்சியில் புகைக்குள் வாழ்கிறார்கள், பணக்காரர்கள் கீழே தரையில். நாயகனோடு ஜோயி என்ற ரோபோ வருவான். அவன் உயிர் ஒரு சின்ன சர்க்கியூட் போர்டில் இருக்கிறது, அதை எந்த இயந்திரத்தில் செருகினாலும் அந்த உடம்பில் எழுந்து பேசுவான். இதில் நாயகன் செத்துப்போகிற இடங்கள் சில உண்டு, சேவ் செய்ய மறக்க வேண்டாம். எங்கே நின்றுபோனாலும் முதலில் ஜோயியிடம் பேசுங்கள். உடம்பு மாறும்போதெல்லாம் அவனால் செய்யக்கூடிய வேலையும் மாறும், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.